ரெண்டு டியூப் ரத்தம்

மாப்ள,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி போன்ல சொல்லுச்சு, கேட்டதும்தான் மனசு நிம்மதியாச்சு. இங்க சேலத்துல வெயில் பின்னுது.

உனக்கு எழுதணும்னு உக்காந்ததே வேற விஷயத்துக்கு. போன வாரம் ஏற்காட்டுல சவாரிக்கு விடுற குதிரை ஒண்ணு தீனி எடுக்கலைன்னு கூப்பிட்டாங்க, பார்த்து ரத்தம் எடுத்துக்கிட்டு எறங்குனேன், அடிவாரத்துல ஒருத்தர் வீட்டு கருப்பாட்டுக்கும் எடுத்தேன். கிளினிக் வந்து ரெண்டு டியூபையும் நல்லா கவுத்து கலக்கி ஸ்டாண்டுல வச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா, குதிரை ரத்தம் பிரிஞ்சு மேல மஞ்சத் தண்ணி தெளிவா நிக்குது, ஆட்டு ரத்தம் அடிலருந்து நுனி வரைக்கும் அப்படியே செவப்பு. படிச்சதுதான், ஆனா பக்கத்து பக்கத்துல வச்சு பார்க்கும்போது எனக்கு புல்லரிச்சுடுச்சு மாப்ள.

குதிரையோட சிவப்பணு காசு அடுக்கின மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கும், கனம் கூடி சீக்கிரம் கீழ எறங்கிடும். ஆட்டுக்கு அந்த ஒட்டுற குணமே கிட்டத்தட்ட கிடையாது. அதனால ஓட்டமும் மாறும், மெதுவா போற எடத்துல குதிரை ரத்தம் கெட்டியா நிக்கும், வேகம் எடுத்தா அடுக்கு கலைஞ்சு இளகிடும். குதிரை நாலுகால் பாய்ச்சல்ல ஓடும்போது மண்ணீரல் சுருங்கி, சேத்து வச்ச சிவப்பணுவையெல்லாம் வேற உள்ள தள்ளுதே, அந்த நேரத்துல இந்த இளகுற குணம் எவ்வளவு உதவும் யோசிச்சு பாரு.

நீ மனுஷ ரத்தமே பார்க்குற ஆளு, உனக்கு சிவப்பணுன்னா 7, 8 மைக்ரான் அகலம்தான் பழக்கம். ஆட்டுக்கு 3, 4தான். போன வருஷம் ஒரு லேப்ல மனுஷ செட்டிங்லயே ஆட்டு ரத்தத்த ஓட்டி, ரத்தம் உறைய உதவுற குட்டி அணு பிளேட்லெட் எக்கச்சக்கம்னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க, சின்னதா இருக்கவும் மெஷின் சிவப்பணுவையே பிளேட்லெட்டுன்னு எண்ணியிருக்கு. அந்த ஆட்டுக்காரர் ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சாரு, எனக்கு இன்னும் ஆறல.

பொட்டாசியம் கதை இன்னும் அழகு. 1957ல டென்மார்க் விஞ்ஞானி ஸ்கௌ கண்டுபிடிச்ச, அணுவோட சவ்வுல இருக்குற பம்பு, 1997ல நோபல் வந்துச்சே, 3 சோடியத்த வெளிய தள்ளி 2 பொட்டாசியத்த உள்ள இழுக்கும். நாயோட சிவப்பணு முதிரும்போது அந்த பம்பையே தொலைச்சிடுது, உள்ள சோடியம்தான் நெறைய. சோடியத்த வெளிய அனுப்ப அது கால்சியத்த உள்ள வாங்கி, அந்த கால்சியத்த வேற பம்பு வச்சு வெளிய தள்ளுது, சுத்து வழிதான் ஆனா வேலை நடக்குது. அதனாலதான் சாம்பிள்ல அணு ஒடைஞ்சா மனுஷனுக்கு பொட்டாசியம் பொய்யா ஏறும், நாய்க்கு பெருசா ஏறாது, ஆனா ஜப்பான் அகிதா மாதிரி சில ஜாதில பம்பு அப்படியே இருக்கும், அங்க ஏமாந்துடக்கூடாது.

செம்மறில ஒரே மந்தையிலயே ரெண்டு வகையும் இருக்கும்டா, பரம்பரையா வர்றது, சிலதுக்கு அணுக்குள்ள நம்மள மாதிரி பொட்டாசியம் நெறைய, சிலதுக்கு நாய் மாதிரி கம்மி. மேச்சேரி ஆட்டுல இத என் கையால பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தெரிஞ்சவர் மந்தையில 20 ஆட்டுக்கு ரத்தம் எடுக்க ஒத்துக்கிட்டாரு. அணுவ கழுவி ஒடைச்சு நான் ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வந்தா உன் மெஷின்ல ஒரு மதியம் ஓட்டி பொட்டாசியம் அளந்து தருவியா? எந்த ஞாயிறு தோதுப்படும்னு சொல்லு, அப்படியே அம்மாவையும் பார்த்துட்டு வந்துடுறேன்.