புகார்: ஜைரோ தலைகீழாக வந்த ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர்

அனுப்புநர்:
லேத் பட்டறை உரிமையாளர்,
தண்டையார்பேட்டை,
சென்னை 600081.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
ஹெலிகாப்டரை எங்களுக்கு விற்ற நிறுவனம்.

தேதி: 14.07.2025

பொருள்: 450 அளவு ஹெலிகாப்டரில் வால் ஜைரோ திசை மாறி வந்தது, வாரண்டி மறுத்தது, பெட்டியில் பாதுகாப்புக் குறிப்பு இல்லாதது குறித்து.

ஐயா / அம்மா,

மே 28 அன்று உங்கள் இணையதளத்தில் 18,500 ரூபாய் கட்டி இந்த ஹெலிகாப்டரை வாங்கினோம். ஜூன் 6 அன்று பெட்டி வந்தது. ஜூன் 15 காலை, முதல் தடவை தரையை விட்டு எழும்பும் முன்பே அது உடைந்துபோனது. ஓட்டியவர் தவறு, அதனால் வாரண்டி கிடையாது என்று ஜூன் 24 அன்று மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். ஓட்டியவர் மேல் தவறில்லை. உங்களிடமிருந்து வரும்போதே வால் ஜைரோவின் (உடம்பு தானாகத் திரும்பிவிடாமல் வால் விசிறியை எதிர்க்கவைக்கும் சின்னக் கருவி) திசை தலைகீழாக இருந்தது. இதைக் கையால் ஐந்து நிமிஷத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம். நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

நான் 22 வருஷமாக லேத் பட்டறை நடத்துகிறேன். என் மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த 7,000 ரூபாயை அவள் போட்டாள், மீதியை நான் போட்டேன். விளம்பரத்தில் 'பறக்கத் தயார், பெட்டியைப் பிரித்த 15 நிமிடத்தில் வானில்' என்று போட்டிருந்தீர்கள். நாங்கள் 15 நிமிஷத்தில் கிளம்பிவிடவில்லை. ஒன்பது நாள் எடுத்துக்கொண்டோம். பேட்டரியைச் செல் செல்லாக பேலன்ஸ் சார்ஜ் போட்டோம். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, எடையின் மையம் மெயின் ஷாஃப்ட்டுக்கு, அதாவது பெரிய விசிறியின் அச்சுக்கு, நேர் கீழே வரும்படி வைத்தோம். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, த்ராட்டில் குச்சி (விசிறியின் வேகத்தைக் கூட்டும் குச்சி) அடியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஹெலிகாப்டரில் பேட்டரி மாட்ட வேண்டும், கழற்றும்போது பேட்டரி முதலில், ரிமோட் கடைசியில் என்பதை மகள் ஒரு சீட்டில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டியே வைத்தாள். இவை எதுவும் உங்கள் நாலு பக்கக் கையேட்டில் கிடையாது. அவளாகத் தேடிப் படித்தது.

அந்தக் கையேட்டில் வால் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. ரிமோட்டில் வாலுக்கான குச்சியை வலப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும்படி வால் பிளேடு அசைகிறதா என்று பார்க்கவும், மற்ற எதையும் தொட வேண்டாம், எல்லாம் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. பார்த்தோம், குச்சிக்குச் சரியாகத்தான் அசைந்தது. பெட்டியில் ஒரு சோதனைச் சீட்டும் இருந்தது. எட்டுக் கட்டங்கள், அதில் ஏழாவது 'பறக்கவிட்டுச் சோதிக்கப்பட்டது'. எட்டுக் கட்டத்துக்கும் சேர்த்து மேலிருந்து கீழாகப் பேனாவால் ஒரே இழுப்பு இழுத்து, அடியில் தேதி போட்டிருந்தார்கள். நாங்கள் அதை நம்பினோம்.

எங்கள் பக்கம் ஏது வெற்றிடம்? தெருவுக்குத் தெரு மின்கம்பி, கேபிள் வயர், மாடிக்கு மாடி துணிக்கொடி. மொட்டைமாடியில் பறக்கவிட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்கூட்டரில் கிளம்பி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணலி புதுநகர் தாண்டி, மீஞ்சூர் பக்கம் நண்பரின் காலி நிலத்துக்குப் போனோம். வெயில் ஏறினால் கடல் காற்று ஆரம்பித்துவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கணக்கு. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு பையன்கள் வேடிக்கை பார்க்க ஆசையாக நின்றார்கள். அவர்களைக் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். இதை எழுதும்போதும் அந்த ஒரு காரியத்தை நினைத்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

மகள் வாலுக்குப் பின்னால் 25 அடி தள்ளி நின்று, த்ராட்டிலை மெதுவாக ஏற்றினாள். ஸ்கிட், அதாவது அடியில் இருக்கும் கால் கம்பி, மண்ணில் லேசாக நழுவியது. மூக்கு இடப்பக்கம் ஒரு சாண் திரும்பியது. அவள் குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். அதற்குள் இயந்திரம் முழுக்கப் பம்பரமாகச் சுழன்று சாய்ந்து, பிளேடு தரையில் அடித்து, படீர் என்று ஒரு சத்தம். மூன்று நொடிகூட ஆகியிருக்காது. புழுதி அடங்கியதும் போய்ப் பார்த்தால் மெயின் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, வால் குழாய் நெளிந்திருக்கிறது, ஒரு பிளேடில் பாதியைக் காணோம். தேடினோம். 40 அடி தள்ளி நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டர் சீட்டில், ரெக்சினைக் கிழித்துக்கொண்டு ஸ்பாஞ்சுக்குள் மூன்று விரல் ஆழத்துக்கு அந்த ஃபைபர் துண்டு நட்டுக்கொண்டு நின்றது. படம் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். அது ஒரு ஆள் உட்காரும் இடம்.

வீட்டுக்கு வந்து மோட்டாரின் மூன்று வயரையும் கழற்றிவிட்டு, அதாவது மோட்டார் சுற்றவே முடியாதபடி செய்துவிட்டு, பேட்டரி மாட்டிப் பார்த்தோம். முறை ரொம்ப எளிது. மேலிருந்து பார்த்தால் இந்த ஹெலிகாப்டரின் பெரிய விசிறி வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்வினையாக உடம்பு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் வால் விசிறியின் வேலை. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நொடிக்கு நொடி சொல்வது ஜைரோ. ஆகவே மூக்கைக் கையால் சட்டென்று இடப்பக்கம் திருப்பினால், குச்சியை வலப்பக்கம் தள்ளும்போது வால் எப்படி அசையுமோ, அதே மாதிரி தானாக அசைந்து எதிர்க்க வேண்டும். எங்கள் ஹெலிகாப்டரில் வால் ஸ்லைடர் (வால் பிளேடின் சாய்வை மாற்றும் பாகம்) அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடி முட்டி நின்றது. மூக்கு இடப்பக்கம் போனால், 'இன்னும் போ' என்று அதே பக்கம் தள்ளிவிடுகிறது. ஜைரோ பெட்டியில் உள்ள ரிவர்ஸ் அமைப்பை மாற்றியவுடன் சரியாக எதிர்த்தது. திரும்பப் பழைய நிலைக்கே வைத்துவிட்டோம், உங்கள் ஆள் வந்து பார்ப்பதற்காக. மொத்தத்தையும் வீடியோ எடுத்திருக்கிறோம்.

இதில் உங்களிடம் ஒரு கேள்வி. ஜைரோ இப்படித் தலைகீழாக இருக்கும் ஹெலிகாப்டரை, எவ்வளவு தேர்ந்த ஆளானாலும் ஒரு இடத்தில் நிறுத்திப் பறக்கவிட முடியாது. அப்படியானால் அந்த ஏழாவது கட்டத்தில் கோடு எப்படி விழுந்தது?

ஜூன் 16 அன்று உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் சொன்ன வழி ஆபத்தானது. ரிமோட்டில் ரட்டர் சேனலை, அதாவது வால் குச்சியின் அமைப்பை, ரிவர்ஸ் செய்தால் சரியாகிவிடும் என்றார். ஆகாது. ரிமோட்டில் மாற்றினால் மாறுவது குச்சியின் திசை மட்டும்தான். ஜைரோ எந்தப் பக்கம் எதிர்க்கிறது என்பது ஜைரோவுக்குள் இருக்கும் தனி அமைப்பு. அவர் சொன்னபடி செய்திருந்தால் சரியாக இருந்த குச்சியும் தப்பாகியிருக்கும், தப்பாக இருந்த ஜைரோ அப்படியே இருந்திருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் உதவி எண்ணில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். நாளைக்கு இன்னொருவர் அவர் சொல்வதை நம்பிச் செய்வார்.

அப்புறம் மற்ற பாகங்களையும் பார்த்தேன். உலோகத்துக்குள் ஏறும் திருகுகளில் ஒரு சொட்டு த்ரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் கழன்றுவிடும். நான் கழற்றிப் பார்த்த 11 திருகுகளில் ஒன்றில்கூட அதன் தடம் இல்லை. வால் கூட்டில் இரண்டு திருகுகள் விரலாலேயே சுற்ற வந்தன. பெட்டியில் உபரியாக வந்த பிளேடு ஜோடியை எங்கள் தெருமுனைப் பத்தர் கடையில் கொடுத்து, தங்கம் நிறுக்கும் தராசில் நிறுத்தேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் 1.4 கிராம் வித்தியாசம். வெறும் ஒரு கிராம் கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி, நிமிஷத்துக்கு 2500 சுற்றில் அது ஷாஃப்ட்டை ஒரு பக்கமாக 1.4 கிலோ பலத்தோடு இழுக்கும். சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல். கழன்று வரத் தயாராக இருக்கும் திருகுகளோடு இந்த அதிர்வும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இயந்திரம் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் '14 வயதுக்கு மேற்பட்டோருக்கான பொம்மை' என்று அச்சடித்திருக்கிறீர்கள். விசிறியின் விட்டம் 70 செ.மீ. அதே 2500 சுற்றுக்குக் கணக்குப் போட்டால் பிளேடு நுனி மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. என் பட்டறையில் 4 அங்குல கிரைண்டரின் டிஸ்க், 11,000 சுற்றில், விளிம்பில் சுமார் 207 கிலோமீட்டர் வேகம். அதற்கே கார்டு (பாதுகாப்பு மறைப்பு) இல்லாமல், கண்ணாடி போடாமல் எந்தப் பையனையும் கையில் எடுக்க விடமாட்டேன். இதில் கார்டு கிடையாது, போடவும் முடியாது. அப்படியென்றால் தூரமும் பழக்கமும் மட்டும்தான் பாதுகாப்பு. அதை வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டாமா? ரிமோட்டில் 'ஹோல்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஐடில் அப் முறையில் (குச்சி எங்கே இருந்தாலும் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும் முறை) த்ராட்டில் குச்சியை அடியோடு இழுத்தாலும் மோட்டார் நிற்காது, அந்த ஹோல்ட் சுவிட்சுதான் நிறுத்தும். ஒருவர் விரலைக் காப்பாற்றப்போகும் சுவிட்ச் அது. உங்கள் கையேட்டில் அதன் பெயர்கூட வரவில்லை. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது, உப்பிய பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் போடக்கூடாது என்பதும் இல்லை. பேட்டரியோடு எடை 790 கிராம். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, இதுவும் அதில்தான் வரும். எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்க்கச் சொல்லியும் ஒரு வரி இல்லை. துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற எங்களுக்கு இது முக்கியமான விஷயம்.

உங்கள் ஜூன் 24 மெயிலை மகள்தான் முதலில் படித்தாள். இரவு சாப்பாட்டில் கை வைத்தபடியே, "நான்தான் தப்பு பண்ணிட்டேனாப்பா?" என்று கேட்டாள். அதற்கு ஒரு வாரம் முன்பே ஜைரோ சோதனையை அவள் கையாலேயே செய்து, வீடியோவும் எடுத்து, உங்களுக்கு அனுப்பியவள் அவள். அப்படியிருந்தும் ஒரு நிறுவனம் எழுத்தில் சொல்லும்போது சின்னப் பெண்ணுக்குத் தன் கண்ணால் பார்த்ததே சந்தேகமாகிவிடுகிறது. வீடியோவை யாராவது ஒருவர் திறந்து பார்த்திருந்தால் அந்த மெயில் வந்திருக்காது. பணத்தைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 18,500 ரூபாயும், ஸ்கூட்டர் சீட் மாற்றிய 850 ரூபாயும் திரும்ப வர வேண்டும். 'ஓட்டியவர் தவறு' என்ற வார்த்தையைத் திரும்பப் பெற்று, என் மகள் பெயருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். எங்களோடு அதே தொகுப்பில் வாங்கிய அத்தனை பேருக்கும் உடனே தகவல் கொடுத்து, பறக்கவிடும் முன் ஜைரோ திசையைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்கு என் பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்யுங்கள். எல்லார் நிலத்திலும் சுவர் இருக்காது.

பாதுகாப்புக் குறிப்பைத் தமிழில் ஒரே தாளாக மகள் எழுதியிருக்கிறாள். ஜைரோ சோதனை, பிளேடு போல்ட் எவ்வளவு இறுக வேண்டும், ஹோல்ட் சுவிட்ச், பேட்டரி, எத்தனை அடி தள்ளி நிற்பது, புதிதாகப் பழகுகிறவர்கள் ஸ்கிட்டில் குறுக்குக் கம்பி கட்டி முதல் சில நாள் தரையோடு நழுவவிட்டே பழகுவது, எல்லாம் படத்தோடு இருக்கிறது. இதோடு இணைத்திருக்கிறேன். தெரிந்தவர்களிடம் காட்டிச் சரிபார்த்து, ஒவ்வொரு பெட்டியிலும் வையுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சரியான உபயோகக் குறிப்பும் எச்சரிக்கையும் இல்லாமல் பொருளை வெளியிடுவதும் தயாரிப்பாளரின் பொறுப்புக்குள் வருகிறது. ஆகஸ்ட் 14-க்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ஹெலிகாப்டர் உடைந்த நிலையிலேயே என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. ஜைரோவை வந்தபடியே வைத்திருக்கிறோம். பேட்டரியை மட்டும் தனியாகக் கழற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்கிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 9 முதல் இரவு 7 வரை பட்டறை திறந்திருக்கும். விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். சோதனையை அவர் முன்னால் என் மகளே செய்து காட்டுவாள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
தண்டையார்பேட்டை.