பாலையூற்று, உப்புவெளி வீட்டுச் சந்திப்பு

சபையாருக்கு ஸ்தோத்திரம்.

வரும் சனிக்கிழமை பின்னேரம் 4 முதல் 6.30 வரை போதகர் ஐயாவும் ஒரு மூப்பரும் வருவார்கள். நான்கு வீடுகள்தான், கூட்டினால் ஜெபத்தோடு எழும்ப வேண்டிவரும், ஆறுதலாகக் கதைக்க நேரமிராது.

1. முதலிடம் படுக்கையில் இருப்போருக்கும் துக்க வீடுகளுக்கும். அடக்கம் முடிந்து சனம் வருவது குறைந்த பிறகுதான் தனிமை கூடுதலாக வாட்டும்.

2. திருவிருந்து தேவையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். விழுங்கச் சிரமமானவர்களுக்கு அப்பத்தைச் சிறு துண்டாகத் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுக்கலாம். சின்ன மேசை, வெள்ளைத் துணி போதும்.

3. சாப்பாடு வேண்டாம். டிவியை நிறுத்திவிடுங்கள்.

4. நோய், குடும்ப விஷயங்களைக் குழுவில் எழுதாதீர்கள்; ஐயாவிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நோயாளியே மூப்பரை அழைக்கட்டும் என்கிறது யாக்கோபு 5:14. கூச்சப்படாமல் கேளுங்கள். வியாழன் இரவு 8 மணிக்குள் வீதி, வசதியான நேரம் இரண்டையும் செயலாளருக்கு அனுப்புங்கள்.