இரண்டு எண்கள்: பிரேக் கிட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காருக்கு மாற்று பிரேக் கிட் தயாரித்து விற்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். வண்ணங்களைப் பொறுத்தவரை உங்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, தங்க நிறம் என்று ஏழு வண்ணங்களில் கிடைக்கிறது. பெட்டிக்குள் இரண்டு ஸ்டிக்கர்கள் வேறு. நான் தேடியது காலிப்பருக்குள் இருந்துகொண்டு, உராயும் பட்டையான பேடை டிஸ்கின் மேல் தள்ளும் பிஸ்டனின் விட்டத்தை. அது பெட்டியிலும் இல்லை, உள்ளே மடித்து வைத்திருந்த தாளிலும் இல்லை.

பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது என்பதற்காகத்தான் உங்களில் ஒருவருடைய கிட்டை வாங்கினேன். முன் சக்கரங்களுக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க், பிரேக் ஆயில் போகும் எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ். கால் வைத்ததும் மிதி கல்லாக நிற்கும் என்று பெட்டி சத்தியம் செய்தது. பொருத்தி முடித்ததும் மிதி முன்பைவிட ஆழமாக இறங்கியது. உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். 'குழாயில் காற்று இருக்கிறது, மறுபடி அதை வெளியே எடுங்கள்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும்; குழாயில் காற்று இருந்தாலும் மிதி ஆழமாக இறங்கும்தான். எடுத்தேன். மூன்று மாலைகள். என் மகள் ஓட்டுநர் இருக்கையில். நான் சக்கரத்துக்குப் பின்னால், தரையில் விரித்த சாக்கின் மேல். "அழுத்து. பிடி. விடாதே. சரி, விடு." காலிப்பரில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில் செருகிய, கண்ணாடிபோல் தெளிவான குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலில். முதல் நாள் நாலைந்து குமிழிகள் வந்தன. இரண்டாம் நாள் ஒன்றுகூட இல்லை. ஊற்றிய ஆயில் ஊற்றிய நிறத்திலேயே வெளியே வந்தது. அன்று ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் அந்த இடத்தில் பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் நடுவில் மகள் கேட்டாள்: "அப்பா, குமிழி வரவில்லை என்றால் காற்று இல்லை என்றுதானே அர்த்தம்?"

பதினோரு வயதுப் பெண்ணுக்கு எட்டிய இந்தத் தர்க்கம் உங்கள் சேவைப் பிரிவுக்கு எட்டவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் அதே வரிதான் பதில். ஆயிலைக்கூட 'இன்னும் நல்லதாக' மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, டாட் 5.1 என்றால் 260. மலையிறக்கத்தில் அது உதவும். வீட்டு வாசலில் நிற்கும் காரின் மிதிக்கு அது என்ன செய்யும்?

காற்று மேலேறி வெளியேறும்படி நிப்பிள்கள் இரண்டு பக்கமும் மேல்நோக்கியே இருந்தன; இடது வலது மாறவில்லை. பட்டறையில் கருவியை மாட்டி சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் பம்பையும் ஓடவிட்டுக் காற்று எடுத்தாயிற்று. மிதியை அடுத்தடுத்து அழுத்தினாலும் அது உயர்ந்து வரவில்லை. காற்று இருந்தால் உயர்ந்திருக்கும். கடைசியில் காலிப்பரைக் கழற்றி, பேடை உருவி, அளவெடுக்கும் வெர்னியரை வைத்தேன். அரை மணி நேர வேலை. பழைய காலிப்பரில் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று. உங்களுடையதில் பக்கத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 42. பரப்பைக் கணக்கிட்டால் 2,290 சதுர மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 2,771. பேடை அதே தூரம் நகர்த்த ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் ஆயில் வேண்டும். மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோ பழையதுதான், விட்டம் 22.2 மில்லிமீட்டர். கூடுதல் ஆயிலை அது வேறு எங்கிருந்து கொண்டுவரும்? மிதி இன்னும் கொஞ்சம் கீழே போயாக வேண்டும்.

இதைக் குறை என்று நான் சொல்லவே இல்லை. பெரிய பிஸ்டன், அதற்கேற்ற சிலிண்டர் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. 23.8 மில்லிமீட்டர் சிலிண்டர் போட்டால் அதே மிதிப்புக்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல் ஆயில் போகும். மிதி மேலே நிற்கும், கொஞ்சம் கனமாகவும் இருக்கும். பெட்டியின் மேல் இரண்டு எண்களை அச்சிட்டிருந்தால் இதை வாங்கும் முன்பே கணக்குப் போட்டிருப்பேன்: பிஸ்டன் விட்டம், பொருந்தும் மாஸ்டர் சிலிண்டரின் அளவு. ஹோஸைப் பற்றி நன்றாகவே சொல்ல வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பியதை விரல் வைத்தே உணர முடிந்தது, உங்களுடையது அசையவில்லை. ஹோஸை மட்டும் வாங்கியிருந்தாலே நான் கேட்டதில் பாதி கிடைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதையும் யாரும் சொல்லவில்லை.

தாளில் இருந்த ஒரே அறிவுரை, 'தகுதி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தவும்' என்பது. தகுதி பெற்ற மெக்கானிக் என்ன, ஜோசியம் பார்த்தா பிஸ்டன் அளவைச் சொல்வார்? இந்தக் காலத்தில் எதை வாங்கினாலும் இதே கதைதான். மிக்சிக்கு எட்டு மொழிகளில் எச்சரிக்கை தருகிறார்கள். ஜாடியின் ரப்பர் வளையம் என்ன அளவு என்று மட்டும் ஒரு மொழியிலும் இல்லை. மிக்சியின் தாளில் இருந்த கட்டக் குறியீட்டை (க்யூஆர்) போனில் காட்டினால் அதே தாளின் படம் திறக்கிறது. போகட்டும், மிக்சி ஓடாவிட்டால் சட்னிதான் இல்லை. இது பிரேக்.

கோபத்தில் கூடுதலாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அந்த இரண்டு எண்களைத்தான். பிஸ்டன் விட்டத்தையும், அதற்குப் பொருந்தும் மாஸ்டர் சிலிண்டர் அளவையும் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். கூடவே, மிதி ஆழமாகப் போகிறது என்று யாராவது எழுதினால், காற்று எடுக்கச் சொல்லும் முன் அவர் வண்டியின் சிலிண்டர் அளவை ஒரு முறை கேளுங்கள். இடம் போதவில்லை என்றால் ஸ்டிக்கர்களில் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே அச்சிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் காலிப்பரோடு ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்