ஹிரோஷிமா பிள்ளைகளுக்கு ஒரு நடுகல்: கிருஷ்ணகிரி மாவட்ட மக்களிடம் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வரும் ஆகஸ்ட் 6ஆம் தேதி ஓசூர் வட்டத்தில் ஒரு நடுகல் நட இருக்கிறோம். 1945இல் அதே தேதியில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பலியான பள்ளிப் பிள்ளைகளுக்கான கல் அது. கூடவே ஒரு படக் கண்காட்சியும் சின்னக் கையேடு ஒன்றும் தயாராகின்றன. இரண்டும் ஆகஸ்ட் மாதம் முழுக்க நம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்குப் போகும். எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் ஆகும். அதில் பெரும்பகுதி இன்னும் சேரவில்லை.

ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதிக்குப் போனால், "எங்கேயோ ஜப்பானில் நடந்ததற்கு இங்கே எதுக்குங்க கல்லு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அன்று காலை 8.15 மணிக்குக் குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த நேரத்தில் நகரின் நடுவே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெட்டவெளியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் ஏழாவது, எட்டாவது படிக்கும் வயது. விமானத் தாக்குதலில் தீ பிடித்தால் பரவாமல் இருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலை அது. போர்க்காலம் என்பதால் பள்ளிகளே அவர்களைக் கூட்டிப் போயிருந்தன. அந்தப் பிள்ளைகளில் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். ஷிகேரு ஓரிமென் என்ற 13 வயதுப் பையனின் உடலை அவன் அம்மா மூன்று நாள் தேடிக் கண்டெடுத்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவை அணைத்தபடி கிடந்தான். டப்பாவுக்குள் இருந்த சோறு கரியாகியிருந்தது. அந்த டப்பா இன்றும் ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அடுத்த குண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் 70,000 பேருக்கு மேலும் இறந்துபோனார்கள்.

நம் மாவட்டத்திலும் பக்கத்துத் தருமபுரியிலும் ஊருக்கு ஊர் நடுகல் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஏரிக்கரையில், மாந்தோப்பு ஓரத்தில், சில இடங்களில் பாதி மண்ணில் புதைந்தபடி அவை நிற்கின்றன. மாடுகளை மீட்கப் போய் இறந்தவன், புலியோடு போராடிச் செத்தவன் என்று யாருக்கோ அந்த ஊர் ஒரு கல் நட்டுப் பெயரை எழுதி வைத்தது. மனிதருக்கு மட்டுமா? எடுத்தனூரில் ஒரு நாய்க்கும், அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கும் கூட நம் முன்னோர் கல் நட்டிருக்கிறார்கள். இறந்தவரை மறக்காமல் இருக்க நமக்குத் தெரிந்த வழி இது. அதனால்தான் சிமெண்டுத் தூணோ புறாச் சிலையோ வேண்டாம், நடுகல்லே நடுவோம் என்று முடிவெடுத்தோம். இந்த மண்ணின் கல்லை உலகமே வாங்கிப் போகிறது. உளி பிடிக்கத் தெரிந்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

என்ன செதுக்குவது என்பதில் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. காளான் மாதிரி எழும் புகையைச் செதுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். குண்டைத்தான் அது நினைவூட்டும், பிள்ளைகளை நினைவூட்டாது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். பழைய நடுகல்லில் வீரன் கையில் வாளோ வில்லோ இருக்கும். இந்தக் கல்லில் ஒரு பிள்ளை சாப்பாட்டு டப்பாவோடு நிற்கும், ஆயுதம் எதுவும் இருக்காது. கீழே தேதியும் இரண்டு ஊர்ப் பெயர்களும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் இருக்கும். ஓசூர்ப் பக்கத்தில் கல் நட்டுவிட்டுத் தமிழில் மட்டும் எழுதினால் பாதிப் பேரை வெளியே நிறுத்திய மாதிரி ஆகிவிடும். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சாலையோரத்துப் பட்டா நிலத்தில் இரண்டு சென்ட் கொடுத்திருக்கிறார், பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

ஏன் இப்போது என்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் குண்டுகளிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களை ஜப்பானில் ஹிபாகுஷா என்கிறார்கள். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. சராசரி வயது 86ஐத் தாண்டிவிட்டது. அணுகுண்டு என்றால் என்ன என்பதை உலகம் புரிந்துகொண்டது அறிவியல் புத்தகங்களால் மட்டுமல்ல, இவர்கள் வாய்விட்டுச் சொன்னதால்தான்.

சுமிதெரு தனிகுச்சி என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாகசாகியில் 16 வயது தபால்காரர். சைக்கிளில் கடிதம் கொடுத்துக்கொண்டு போகும்போது, வெடித்த இடத்திலிருந்து 1.8 கிலோமீட்டர் தூரத்தில், பின்னாலிருந்து வந்த வெப்பம் முதுகு முழுவதையும் உரித்துவிட்டது. ஒரு வருடம் ஒன்பது மாதம் குப்புறப் படுத்தே கிடந்தார். மருத்துவமனையை விட்டு வெளியே வர 1949 ஆகிவிட்டது. அப்புறம் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய்த் தன் முதுகின் படத்தைக் காட்டி, "இது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது" என்பதைத்தான் சொன்னார். அவர் தலைமை தாங்கிய நிஹோன் ஹிடான்க்யோ அமைப்பு 1956இல் தப்பிப் பிழைத்தவர்களே சேர்ந்து தொடங்கியது. 2024ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. தனிகுச்சி அதைப் பார்க்கவில்லை, 2017இலேயே காலமாகிவிட்டார். இன்னும் சில ஆண்டுகளில் நேரில் கண்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். அதன் பிறகு சொல்ல வேண்டியவர்கள் காணாத நாம்தான். அந்தப் பொறுப்பில் இந்த மாவட்டத்தின் பங்கை ஏற்றுக்கொள்ள விரும்புகிறோம்.

இது பெரிய நாடுகளின் விவகாரம், நம் ஐம்பது ரூபாயால் என்ன ஆகும் என்று நினைக்கிறவர்களுக்கு டோக்கியோவின் சுகினாமி பகுதிப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பசிபிக் கடலில் பிகினி தீவுத்திட்டில் ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஹிரோஷிமா குண்டைப் போல ஆயிரம் மடங்கு. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் கதிரியக்கச் சாம்பல் மழையாகக் கொட்டியது. அதில் 23 பேர் இருந்தார்கள். படகின் வானொலிப் பணியாளர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். மீனில் விஷம் என்று ஜனங்கள் பயந்தார்கள், மீன் வியாபாரம் படுத்துவிட்டது. சுகினாமியின் மீன் வியாபாரக் குடும்பங்களும், நூலகத்தில் கூடிப் படித்துக்கொண்டிருந்த இல்லத்தரசிகளும் ஹைட்ரஜன் குண்டைத் தடை செய்யக் கோரிக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். கட்சி பார்க்கவில்லை, வீடு வீடாகப் போனார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுகளுக்கு எதிரான முதல் உலக மாநாடு கூடியபோது நாடு முழுக்க மூன்று கோடிக்கு மேல் கையெழுத்து சேர்ந்திருந்தது. அன்றைய ஜப்பானில் மூன்றில் ஒருவர் போட்ட கையெழுத்து.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. அதை நாமே மறந்துவிட்டோம் என்பது வருத்தம். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1962இல் 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவில் வாஷிங்டன் போய் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் அத்தனை தூரம் போனார். அப்போது அவர் கையில் எந்தப் பதவியும் கிடையாது. அவரது கல்விக் கொள்கையையும் 1937இன் இந்தித் திணிப்பையும் இன்றும் கடுமையாக எதிர்ப்பவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. கண்காட்சியில் ஒரு பலகை அதற்காகவே இருக்கும்.

"சீனாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வைத்திருக்கும்போது நாம மட்டும் விட்டுட முடியுமா?" என்றும் கேட்கிறார்கள். நாம் மட்டும் விட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒன்பது நாடுகளிடம் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. ஒன்பதும் விட வேண்டும், ஒரே ஏற்பாட்டின் கீழ், ஒருவரை ஒருவர் சரிபார்த்துக்கொண்டு. இது தேசத்துக்கு எதிரான பேச்சும் அல்ல. அணு சோதனைகளை உடனே நிறுத்தி வைக்க வேண்டும் என்று 1954இல் நேரு கேட்டார். 2010க்குள் உலகில் ஓர் அணு ஆயுதம் கூட இருக்கக் கூடாது என்று ஒரு திட்டத்தையே 1988இல் ராஜீவ் காந்தி ஐ.நா. பொதுச்சபையில் வைத்தார். பத்தே ஆண்டில் பொக்ரானில் நாமே குண்டு வெடித்தோம், அதே மாதத்தில் பாகிஸ்தானும் வெடித்தது. இரண்டு பக்கமும் குண்டு வந்த பிறகு 1999இல் கார்கில் போர் வராமலா போயிற்று?

கூடங்குளம் பற்றியும் சிலர் கேட்டார்கள். அணு மின்சாரத்தைப் பற்றி எங்களுக்குள் வேறு வேறு கருத்து உண்டு. இந்த முயற்சி அணு ஆயுதத்தைப் பற்றியது மட்டும்.

2017 ஜூலையில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை ஐ.நா.வில் 122 நாடுகள் வாக்களித்து ஏற்றன. 2021 ஜனவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 70க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. வங்கதேசம், மாலத்தீவு, 2023இல் இலங்கை என்று நம் அண்டை நாடுகளும் அதில் உண்டு. இந்தியா இல்லை. ஆகவே கண்காட்சியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ஓர் அஞ்சலட்டை கொடுக்கப் போகிறோம். இந்த ஒப்பந்தத்தில் சேருங்கள் என்று பிரதமருக்கு அவரவர் மொழியில், அவரவர் கைப்பட எழுதலாம். விருப்பம் இருந்தால் மட்டும் எழுதினால் போதும், பள்ளிப் பிள்ளைகளை யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதற்கு ஆதரவாக ஒரு தீர்மானம் கொண்டுவரவும் முயற்சி செய்கிறோம். உங்கள் ஊராட்சியில் எழுந்து பேச நீங்கள் தயார் என்றால் அது பணத்தைவிடப் பெரிய உதவி.

ஆகஸ்ட் 6 மாலை ஹிரோஷிமாவில் ஆற்றில் காகித விளக்குகளை மிதக்க விடுவார்கள். நாமும் தென்பெண்ணையில் விடலாமே என்ற யோசனை வந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கி ஓடும் ஆறு அது, நாம் வேறு குப்பை சேர்க்க வேண்டாம். கல்லைச் சுற்றி அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி அகல் விளக்குகளை மிதக்க விடுவோம். வருகிறவர்கள் வீட்டிலிருந்தே ஆளுக்கு ஓர் அகல் கொண்டுவந்தால் நல்லது.

சரி, கணக்குக்கு வருவோம். கல், செதுக்கு கூலி, பீடம், ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். சிற்பி தன் கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொள்கிறார், இல்லாவிட்டால் இந்தத் தொகைக்கு முடியாது. படப் பலகைகளுக்கு 42,000. பள்ளிக்குப் பள்ளி ஏற்றி இறக்க வேண்டியவை என்பதால் பிளெக்ஸ் வேண்டாமென்று உறுதியான பலகையாகவே செய்யச் சொல்லியிருக்கிறோம், பல ஆண்டுகள் வரும். கையேடு 2,000 பிரதி அச்சடிக்க 44,000. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலை ஊர்களிலிருந்து ஊத்தங்கரை வரை போய்வர வேன் வாடகையும் டீசலும் 16,500. ஆகஸ்ட் 6 நிகழ்ச்சிக்குப் பந்தல், ஒலிபெருக்கி, மோர், சுண்டல் என்று 9,500. குழு உறுப்பினர்கள் கைப்பணமாக 37,500 போட்டிருக்கிறோம். இன்னும் 1,42,500 வேண்டும்.

ஒருவரிடமிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறோம். மொத்தத்தையும் தானே தருவதாக ஒருவர் முன்வந்தார், நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். இந்தக் கல் நிறையப் பேருடையதாக இருக்க வேண்டும். இருபது ரூபாய்க்கும் ரசீது உண்டு. கட்சிகளிடமோ அவற்றின் பெயரிலோ பணம் பெறுவதில்லை. கல்லில் நன்கொடையாளர் பெயர் எதுவும் வராது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாப் பெயரும் அகர வரிசையில் வரும், தொகை போட மாட்டோம். பெயர் வேண்டாம் என்பவர்கள் ரசீது எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும், வளைகுடா நாடுகளில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களும் தாராளமாகத் தரலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் பணம் பெற எங்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. அவர்கள் தெலுங்கு, கன்னட, உருது மொழிபெயர்ப்பில் பிழை பார்த்துத் தந்தால் பேருதவியாக இருக்கும். வருமான வரிச் சலுகைச் சான்று எங்களால் தர இயலாது, அதையும் முன்பே சொல்லிவிடுகிறோம்.

பணத்தை ரசீதுப் புத்தகம் வைத்திருக்கும் உறுப்பினரிடம் நேரில் தரலாம். வங்கிக் கணக்கு எண்ணும் ஜிபே குறியீடும் ரசீதின் பின்பக்கம் அச்சாகியிருக்கின்றன. ஜூலை 15க்குள் வந்தால் அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வசதி. அதற்குப் பிறகு வருவது வேன் செலவுக்குப் போகும். வரவு செலவுக் கணக்கு முழுவதும் ஆகஸ்ட் 31 அன்று, குழுவில் இல்லாத இருவர் சரிபார்த்த பிறகு, கண்காட்சி நடந்த ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் தலைமையாசிரியர் அனுமதியோடு ஒட்டப்படும். மிச்சம் இருந்தால் கையேட்டை மறு அச்சுப் போட்டுத் தருமபுரி மாவட்டப் பள்ளிகளுக்குக் கொடுப்போம்.

இப்படிக்கு,
நினைவு நாள் ஏற்பாட்டுக் குழு,
கிருஷ்ணகிரி மாவட்டம்