ஆற்றங்கரைக் கூடாரம் வேண்டாம், கண்ணு

அன்புள்ள அம்மிணிக்கு,

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்கு ரிசர்வில் முகாம் போட்டு நீ அனுப்பின முன்பதிவுத் தாள் கிடைத்தது. அப்பா அதிலிருந்த படங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம மாராவுக்கே போறா பாரு" என்று சந்தோஷப்பட்டார். நான் முதலில் பார்த்தது ஆட்கணக்கை. நைரோபியில் அத்தனை வருஷம் சஃபாரி கம்பெனியின் முன்பதிவு மேசையில் உட்கார்ந்தவளுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது. பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று, கட்டில் இரண்டு என்று போட்டிருக்கிறது. சரி. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. முகாமைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆற்றங்கரைக் கூடாரம் வேண்டாம், கண்ணு. நீ போவது ஏப்ரலில். பெருமழைக் காலம், மார்ச்சில் பிடித்தால் மே வரைக்கும் விடாது. 2024-ல் மே முதல் தேதி மாராவில் தாலேக் ஆறு கரை மீறி, பத்துக்கும் மேற்பட்ட முகாம்களுக்குள் புகுந்தது. ஹெலிகாப்டரில் ஆட்களை எடுத்தார்கள். 2010 மார்ச்சில் வடக்கே சம்புருவில் இவாசோ ங்கிரோ ஆறும் இதையேதான் செய்தது, கரையோர முகாம்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. மழை எங்கேயோ மேட்டில் பெய்யும், வெள்ளம் கீழே ராத்திரியில் வந்து சேரும். வராந்தாவில் உட்கார்ந்தபடியே நீர்யானை தெரிய வேண்டும் என்றுதான் வருகிறவர்கள் கேட்கிறார்கள், அதனால் நல்ல கூடாரங்களையெல்லாம் கரை விளிம்பில் போடுகிறார்கள். நீ அவர்களுக்கு எழுதிக் கேள்: எங்கள் கூடாரம் ஆற்று மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், 2024-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று. ஒழுங்கான முகாம் நேராகப் பதில் சொல்லும். "கவலை வேண்டாம், எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பார். பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம், ஒருவர் பையை எடுக்கலாம். அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஏன் ஏப்ரல் என்று எனக்குப் புரிகிறது. ஸ்கூல் லீவு என்று எழுதியிருக்கிறாய், அதுவும் சரிதான். ஆனால் முகாம்காரர்கள் விலை சொல்வது எப்போதும் ஒரு கூடாரத்துக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். தனியாக வருகிறவர் தலையில் அதற்கு மேல் ஒரு தொகை ஏறும். மழைக்காலத்தில் பல இடங்களில் அந்தத் தொகையை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். ரிசர்வ் நுழைவுக் கட்டணமும் வெளிநாட்டுக்காரருக்கு ஜூன் வரை நாளைக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200. இதையெல்லாம் நீ உட்கார்ந்து கூட்டிக் கழித்திருக்கிறாய். கணக்கில் உன்னை மிஞ்ச நம் வீட்டில் ஆளில்லை. தாளைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாய்பாபா காலனி வீட்டு வாடகை பேங்க்கில் சும்மாதான் கிடக்கிறது. ராஜி சித்தி யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்து கடைசியில் என்ன ஆனது என்று உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில்தான் முடியும் என்றால் மேட்டில் இருக்கிற இடமாகப் பார். மாராவின் மேற்குப் பகுதியில், மாரா ட்ரையாங்கிள் பக்கம், செரினா லாட்ஜ் குன்றின் மேல் இருக்கிறது. சுவர் வைத்த அறை. ஆறு கீழே வளைந்து போவது அங்கிருந்தே தெரியும், ஆனால் ஆறு உன்னிடம் வராது. கீகோரோக் இன்னொன்று. மாராவிலேயே பழைய லாட்ஜ் அதுதான், நீர்யானைக் குட்டைக்கு மரப்பலகைப் பாதை போட்டிருப்பார்கள். அப்பாவின் பீஜோ 504 காரில் போய் நீ வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கினாயே, அதே இடம். இப்போது வழியிலிருக்கிற நாரோக் ஊரைத் தாண்டியும் தார் ரோடு வந்துவிட்டது என்று அப்பா எழுதச் சொன்னார்.

கூடாரத்தில்தான் படுப்பேன் என்று கவின் பிடிவாதம் பிடிப்பான், தெரியும். கூடாரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல கூடாரத்தில் கட்டில், மெத்தை, பின்னாலேயே பாத்ரூம் எல்லாம் உண்டு. குளிக்கிற வெந்நீர் மட்டும் பல இடங்களில் நீ சொல்கிற நேரத்துக்கு வாளியில் கொண்டுவந்து மேலே ஏற்றுவார்கள், அது தீருமுன் சோப்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிற மேட்டு நிலம், விடியற்காலை குளிர் எலும்பில் ஏறும். போர்வைக்குள் ரப்பர் வெந்நீர்ப் பை வைத்திருப்பார்கள். இருட்டில் கவின் கால் அதில் பட்டால் ஏதோ பிராணி என்று அலறுவான், முன்னாலேயே சொல்லி வை.

பெரும்பாலான கூடார முகாம்களுக்கு வேலி கிடையாது. அதைத் தாளில் எங்கேயும் பெரிதாகப் போடமாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும். இருட்டினால் முகாம் காவல்காரர், அதான் அஸ்காரி, வந்து கூட்டிப்போகாமல் ஓரடி வெளியே வைக்காதே. நீர்யானை ராத்திரியில் புல் மேயக் கரையேறும், அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் யாரும் போய் நிற்கக் கூடாது. குடும்பக் கூடாரம் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று எழுதிக் கேள். தேனிலவுக்காரர்களுக்குத்தான் ஒதுக்குப்புறம் வேண்டும், உனக்கு எதற்கு? பிஸ்கட், பழம், சாக்லேட் எதுவும் உள்ளே வைக்காதே. குரங்குகள் ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன. இரண்டு ஜிப் தலையையும் கீழ் மூலைக்கு இழுத்து, ஒன்றோடொன்று கொக்கி போட்டுவிட வேண்டும். கொக்கி இல்லையென்றால் ஒரு துண்டுக் கயிறாவது கட்டு. கவின் வயதுக்கு அவர்கள் சம்மதிக்கிறார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள். ஐந்து ஆறு வயதுக்குக் கீழே சேர்க்காத முகாம்கள் நிறைய. பணம் கட்டின பிறகு வந்து நின்ற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரிசர்வுக்கு உள்ளேயா, வெளியே மாசாய் நிலத்தில் இருக்கிற கன்சர்வன்சியா என்றும் பார். நான் வேலையை விடும் சமயத்தில்தான் இந்தக் கன்சர்வன்சிகள் பெருகின. அதில் ஒன்றான நபோய்ஷோ 2010-ல் வந்தது. மாசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து மாதாமாதம் பணம் வாங்குகின்றன. முகாம்களும் கட்டில்களும் அளவோடு இருப்பதால் ஒரு சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டி நிற்பதில்லை. பாதையை விட்டு இறங்கலாம், ராத்திரியும் வண்டியில் போகலாம். ரிசர்வுக்குள் இரண்டுக்கும் அனுமதி இல்லை. நல்ல மாதமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கன்சர்வன்சிக்குப் போ என்பேன். ஆனால் அங்கே நம் உடுமலைப் பக்கம் போலக் கரிசல் மண். நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவிடாது. சிக்கிக்கொண்டால் இன்னொரு வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் பிள்ளையோடு.

வண்டியைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. முகாமின் பொது வண்டியில் முன்பின் தெரியாதவர்களோடு போவதாயிருந்தால், ஒரு சிறுத்தை மரத்தில் தூங்கினால் அவர்கள் அது எழுந்திருக்கும்வரை காத்திருப்பார்கள். கவினுக்கு ஒன்றுக்கு வரும், பசிக்கும். எல்லோருக்கும் முன்னால் நீ ஒருத்தி சமாளிக்க வேண்டும். சின்னப் பிள்ளை இருந்தால் தனி வண்டிதான் எடுக்க வேண்டும் என்று சில முகாம்களில் விதியே இருக்கிறது. காசு அதிகம்தான். அதை நான் கொடுக்கிறேன். வேண்டாம் என்று எழுதாதே.

இன்னொன்று, ஏப்ரலில் அங்கே வில்டபீஸ்ட் மான் கூட்டம் ஆறு தாண்டாது. அந்தக் கூட்டமெல்லாம் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவின் செரங்கெட்டியில் இருக்கும், மாரா ஆற்றுக்கு ஜூலை வாக்கில்தான் வரும். தாளின் முதல் பக்கத்திலேயே ஆறு தாண்டுகிற படத்தைப் போட்டிருக்கிறார்கள். கவினுக்கு அதைக் காட்டி ஆசை கிளப்பிவிடாதே. சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் எப்போதும் உண்டு, பச்சையில் பார்க்க அழகாகவும் இருக்கும். புல்தான் உயர்ந்திருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும்.

மாராவிலிருந்து அப்படியே செரங்கெட்டிக்கு இரண்டு ராத்திரி என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாய். வேண்டாம். வரைபடத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அந்த எல்லை வாசல் 1977-லேயே பயணிகளுக்கு மூடினது, மூடினதுதான். இசிபானியா என்கிற எல்லை ஊர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஒரே முகாமில் நாலு ராத்திரி இரு. மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இந்த வருஷம் நீ அலைந்தது போதும். அந்தப் புது ஃபிளாட்டின் விலாசத்தைக்கூட எனக்கு உன் சிநேகிதிதான் சொன்னாள்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் போனால் கைப்பையோடு சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, மெத்தென்ற பைதான், சக்கரம் வைத்த பெட்டி ஆகாது. பிளாஸ்டிக் கேரிபேக்கை 2017-லிருந்து கென்யாவில் தடை செய்துவிட்டார்கள், கவின் துணிகளைத் துணிப்பையிலேயே வை. கறுப்பும் கருநீலமும் எடுக்காதே, கடிக்கிற செட்ஸி ஈக்கு அந்த நிறங்கள்தான் பிடிக்கும். மேட்டு நிலம் என்று மலேரியா மாத்திரையை விட்டுவிடாதே. குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு, டாக்டரிடம் நிறுத்துக் கேள். திரும்பி வந்த பிறகும் டாக்டர் சொல்கிற நாள்வரை விடாமல் கொடு. நோயாளியை விமானத்தில் தூக்கிப்போகிற அம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் 1957-லிருந்து இருக்கிறார்கள், வில்சனிலிருந்துதான் கிளம்புவார்கள். அவர்கள் விமானத்துக்கான காப்பு முகாம் விலையில் சேர்த்தியா என்று கேள். இல்லையென்றால் தனியாக வாங்கு. யாருக்கு ஒன்று என்றால் யாருக்குத் தகவல் சொல்வது என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் யார் பெயரை எழுதுவாய் என்று நினைத்துக்கொண்டே நேற்று ராத்திரி விழித்துக் கிடந்தேன். என் பெயரை எழுது. கோயம்புத்தூர் நம்பரையே கொடு, எந்நேரமும் எடுப்பேன்.

மாப்பிள்ளைக்கு நான் போன் பண்ணவில்லை. பண்ணமாட்டேன். நீ சொல்லாமல் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, மூன்று பேருக்கும் தொப்பி வாங்கி அனுப்பச் சொல்கிறார்.

கமலா அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

கவினுக்கும் உனக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். லண்டனுக்கே திரும்பினால் ஊசி போட்டதற்குக் கொடுக்கிற மஞ்சள் அட்டையை யாரும் கேட்கமாட்டார்கள். கென்யாவிலிருந்து நேராக இந்தியாவுக்கு வந்தால் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் தனியாக வைத்துவிடுவார்கள். நைரோபியிலிருந்து மும்பைக்கு நேர் விமானம் இருக்கிறது. லீவு மிச்சம் இருந்தால், இல்லை லீவே இல்லாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

என்னுடைய மஞ்சள் அட்டை அந்தச் சிவப்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. முன்பு பத்து வருஷம்தான் செல்லும், 2016-லிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் என்று மாற்றிவிட்டார்கள், பழைய அட்டைக்கும் அதே விதி. பாஸ்போர்ட்டும் புதுப்பித்தாயிற்று. அப்பாவின் முதுகுக்கு அந்த வண்டிக் குலுக்கல் ஆகாது, அவர் கமலா அத்தை வீட்டில் இருந்துகொள்வார். குடும்பக் கூடாரத்தில் மூன்றாவது கட்டில் போட மழைக்காலத்தில் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். அது யாருக்கு என்று இப்போதே நீ முடிவு செய்ய வேண்டாம். வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல், மற்றதை நான் முகாமுக்கு எழுதிக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியல் கொடுக்கக் கடைசித் தேதி பிப்ரவரி 20 என்று தாளில் போட்டிருக்கிறது. மூன்றாவது கட்டில் போட்டாலும் போடாவிட்டாலும் சரி, ஆற்றங்கரையை முதலில் மாற்று.

அன்புடன்,
அம்மா