ஆயில் இருந்தது

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமையும் போன் வரவில்லை. சரி, வேலையாக இருப்பாய். அம்மா கேட்டதற்கு ஷிப்ட் மாறியிருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். போனில் பேசினால் எனக்கு "சாப்ட்டியா, பாப்பா என்ன பண்றா" என்பதற்கு மேல் வாய் வராது, உனக்கே தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா லீவுக்கு வந்தபோது விட்டுப்போன நோட்டில் பாதி காலியாக இருந்தது. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து போட்டோ பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் போடச் சொல்ல வேண்டும். அவன் படித்துவிடுவானோ என்று பயமில்லை, என் கையெழுத்தைப் படிக்க நம் வீட்டு ஆளுக்குத்தான் முடியும்.

முதலில் ஒன்று. ராத்திரியில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பாதே. சூளகிரியிலிருந்து குருபரப்பள்ளி வரைக்கும் இந்த மார்கழியில் பனி கொட்டுகிறது, காலை எட்டு மணிக்குக்கூட முன்னால் போகிற லாரி தெரிவதில்லையாம். வருவதானால் பஸ்ஸில் வா, பகலில் வா.

இங்கே செய்தி என்னவென்றால் மாசி பெர்குசன் டிராக்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஆமாம், புளியமரத்தடியில் கிடந்ததே, அதேதான். கேழ்வரகு வீடு வந்து சேர்ந்தது, பன்னிரண்டு மூட்டை. கொள்ளும் அறுத்தாகிவிட்டது. மாமரத்தில் பூ இப்போதுதான் அங்கங்கே தலை காட்டுகிறது, மருந்தடிக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஒன்றரை மாதம் எனக்குக் கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் இந்த மனுசன் வாய் சும்மா இருக்காது என்று அம்மா சொல்வாளே. கார்த்திகையில் பழைய இரும்புக்காரன் ஒருவன் வந்து டிராக்டரை எடைக்குக் கேட்டான். எடைக்கு! தகர டப்பாவைக் கேட்பது போலக் கேட்டான். அவனை அனுப்பிவிட்டு அன்றைக்கே போச்சம்பள்ளி போய் மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தேன். பாய்க்கும் வயதாகிவிட்டது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் போல்ட்டைப் பார்க்கிறார், ஆனால் கை அப்படியே இருக்கிறது.

பின்சக்கரம் இரண்டும் அரையடி மண்ணுக்குள் போயிருந்தன. ஏர் கிளீனருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பானெட்டைத் தேய்த்தால் மேலே துரு, அதற்குக் கீழே அந்தப் பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. பாயோடு வருகிற பையனுக்கு இந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இது மெட்ராஸில் செய்த வண்டிடா, 1960-ல் டாஃபே கம்பெனி ஆரம்பித்தார்கள், இன்ஜினும் அந்த ஊர் சிம்ப்சன்தான், மூன்று சிலிண்டர், 1035 மாடல் என்றால் ஒரு காலத்தில் கிருஷ்ணகிரி பக்கம் பெண் கொடுக்கிற வீட்டில் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. எட்டாவது படிக்கும்போது ஒருநாள் கலப்பை பாறையில் மாட்டியதே, வண்டி முன்னால் தூக்காமல் நின்றுவிட்டது, நீ இறங்கி வந்து "ஏம்பா தூக்கல?" என்று கேட்டாய். எனக்கு பாய் சொல்லித் தெரிந்ததை உனக்குச் சொன்னேன். அந்தக் காலத்து டிராக்டரில் கலப்பையைப் பின்னால் சும்மா கொக்கி போட்டு இழுப்பார்கள், பாறையில் மாட்டினால் முன்பக்கம் எழும்பி டிரைவர் மேலேயே கவிழும். பெர்குசன் என்கிற ஆள்தான் கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று இடத்தில் பிடிக்கிற மாதிரி செய்தார், கலப்பை இழுக்கிற இழுப்பில் மேல் லிங்க் வண்டியை முன்னால் தள்ளும், அதனால் முன்சக்கரம் தரையை விடாது. நீ அன்று ராத்திரி மூன்று தென்னங்குச்சியும் நூலும் வைத்து அதைச் செய்து பார்த்தாய். அம்மா விளக்கை அணைக்கச் சொல்லி மூன்று தடவை கத்தினாள். அந்தக் குச்சியை ரொம்ப நாள் பரணில் வைத்திருந்தேன், வீடு மாற்றிக் கட்டும்போது எங்கேயோ போய்விட்டது.

தீபாவளிக்கு எடுத்த சட்டை பீரோவில் அப்படியே இருக்கிறது, உனக்கும் பாப்பாவுக்கும். ஓசூருக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம். துபாயில் இருக்கிற பெரியப்பா பையன் வருஷத்துக்கு ஒரு தடவை வந்துவிடுகிறான். சரி, அதை விடு.

பணம் வந்தது. பதினேழாம் தேதி வந்தது. இனிமேல் அனுப்ப வேண்டாம், எங்களுக்கு என்ன செலவு, ரேஷன் அரிசி இருக்கிறது, களிக்கு மாவு இருக்கிறது, பால் இருக்கிறது. அனுப்பாதே என்றால் கோபத்தில் சொல்வதாக நினைக்காதே.

சின்ன மாமா போன புதன்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தாராம், பதினோரு மணி இருக்குமாம், டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருந்தாயாம், கூப்பிடுவதற்குள் பஸ் எடுத்துவிட்டதாம். லீவு போட்டிருப்பான் என்று சொன்னேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. போச்சம்பள்ளி சிப்காட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், அளவு பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லையாம். சும்மா செய்திக்குச் சொல்கிறேன்.

இன்ஜின் கதைக்கு வருகிறேன். முதல் நாளே நான் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். கியரில் போட்டு பெரியப்பா டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தால் ஜாம் விட்டுவிடும் என்று கட்டியே விட்டேன். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரோடு ஓடி வந்தார், "இருபது வருஷம் நின்ன வண்டியை ஒரே இழுப்பில் இழுத்தா ராடு வளைஞ்சிடும், ரிங்கு ஒடஞ்சிடும், உங்களுக்கு எப்பவும் அவசரம்" என்று திட்டினார். ஆளை எல்லார் முன்னாலும் திட்டுகிறார் என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு டீசல் பீச்சுகிற மூன்று நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, துணி அடைத்து வைத்தோம். தினம் காலையில் போய்ப் பார்ப்பேன், எண்ணெய் கொஞ்சம் இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றுவேன். எட்டு நாள். ஒன்பதாம் நாள் ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை கொடுத்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்துப் பார்த்தோம். அசையவே இல்லை. அப்போதுதான் பாய், பிரச்சினை மேலே சிலிண்டரில் இல்லை, கீழே கிராங்கில் இருக்கிறது, அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பைக் கழற்றலாம் என்றார்.

சம்ப்பைக் கழற்றினோம்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் மாமரம், பழைய இரும்புக்காரன் என்று இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன். ஆயில் பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் ஒரு சல்லடை இருக்கும், உனக்குத் தெரியும். அந்தச் சல்லடை முழுக்க பசை. ஆயில் கசியாமல் இருக்க பேக்கிங்குக்குத் தடவுகிற கறுப்புப் பசை, ரப்பர் மாதிரி சுருண்டு சுருண்டு, விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு, சின்னச் சின்னதாக நிறைய. ஆயில் மேலே ஏற வழியே இல்லை. மூன்றாவது ராடு பேரிங் உருகி கிராங்கில் ஒட்டியிருந்தது. பாய் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார், "யாருங்க இவ்ளோ பசை வச்சது" என்று மட்டும் கேட்டார்.

நான்தான் வைத்தேன். 2005-ல், மாவட்டம் பிரிந்த அடுத்த வருஷம், அந்த மழை வருஷம். சம்ப் பேக்கிங் கசிந்துகொண்டே இருந்தது. பாயைக் கூப்பிட்டால் கூலி, புது பேக்கிங்குக்குக் காசு, எதற்கு என்று நானே கழற்றி, பழைய பேக்கிங் மேலேயே இரண்டு பக்கமும் பசையை அப்பி இறுக்கினேன். இறுக்கும்போது வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்தேன், உள்ளே எவ்வளவு வழிந்தது என்று யோசிக்கவில்லை. ஆயில் பிரஷர் மீட்டர் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே செத்துவிட்டது. அதை மாற்றலாம்பா என்று நீ சொன்னாய், அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது என்று நான் சொன்னேன்.

அப்புறம் களத்தில் கேழ்வரகு மிதிக்க உன்னை ஏற்றினேன். பதினாறு வயது. வட்டம் சுற்றிச் சுற்றி வந்தாய், வண்டி ஒரு மாதிரி சத்தம் போடுதுப்பா என்று ஒரு தடவை கத்தினாய், ஓட்டு ஓட்டு என்றேன். அதற்குப் பிறகு கால் மணி நேரம் ஓடியிருக்காது. நின்றுவிட்டது. காலையில் ஆயில் பார்த்தியா என்று கேட்டேன், பார்த்தேன் என்றாய், பொய் சொல்றியா என்று அறைந்தேன். களத்தில் பத்துப் பேர், உன் மாமா, பெரியம்மா, கூலிக்கு வந்தவர்கள், எல்லார் முன்னாலும்.

இது வரைக்கும் உனக்குத் தெரியும். இதற்கு மேல் உனக்குத் தெரியாது. அன்று ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் இருந்தது. மேல் கோடு வரைக்கும் இருந்தது. நீ பார்த்துத்தான் இருக்கிறாய். ஏன் ஜாம் ஆனது என்று அன்று எனக்குத் தெரியாது, அது போன வாரம்தான் தெரிந்தது, ஆனால் உன் மேல் தப்பு இல்லை என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன். காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். காலையில் மாமா வந்து "பையன் ஆயில் பாக்காம ஓட்டிட்டானாமே" என்றார், நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஊரே அப்படித்தான் சொன்னது. இஞ்சின் வேலைக்குப் பணம் இல்லை என்று வண்டியைப் புளியமரத்தடியில் தள்ளினோம். பணம் இல்லாதது நிஜம்தான். ஆனால் மறு வருஷம் கடலை நன்றாக விளைந்தது, பணம் இருந்தது, அப்போதும் நான் அதைத் திறக்கவில்லை.

நீ அதற்குப் பிறகு எந்த டிராக்டரிலும் ஏறவில்லை. பாலிடெக்னிக் போகிறேன் என்றாய், சரி என்றேன். பையனுக்கு நிலத்தில் நாட்டமில்லை என்று எத்தனை பேரிடம் குறை சொல்லியிருப்பேன். போன வருஷம் மருமகள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாளாம், தினமும் பைக் எடுக்கும் முன்னால் குனிந்து ஆயில் பார்க்கிறாயாம், பால் வாங்கப் போனாலும் பார்க்கிறாயாம். அம்மா எனக்கு அதை வேடிக்கையாகச் சொன்னாள். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

மாமாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். பெரியம்மாவிடமும் சொன்னேன். பெரியம்மாவுக்கு அப்படி ஒன்று நடந்ததே ஞாபகம் இல்லை.

கிராங்கைச் சேலத்துக்கு அனுப்பி கிரைண்டிங் செய்து வந்தாகிவிட்டது. கிராங்கைத் தேய்க்கத் தேய்க்கப் போட பத்து, இருபது, முப்பது என்று அண்டர் சைஸ் பேரிங் இருக்கிறதல்லவா, நம்முடையது ஏற்கெனவே பத்து போட்டது, இப்போது இருபது. இன்னும் ஒரு தடவைக்கு இடம் இருக்கிறது. லேத்துக்காரரிடம் என் பையன் பெங்களூரில் அளவு பார்க்கிற வேலை, மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அளப்பான் என்று சொன்னேன். அளக்கிறான் என்றுதான் சொல்ல வந்தேன்.

லைனர், பிஸ்டன் புதுசு வாங்கியாகிவிட்டது. சம்ப்புக்கு இந்தத் தடவை நல்ல பேக்கிங், பசை இல்லை. பொங்கலுக்குள் ஸ்டார்ட் செய்துவிடலாம் என்கிறார் பாய். டீசல் லைனில் ஏர் எடுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கீழே ஹேண்ட் பம்ப்பை அடிக்க வேண்டும், இன்னொருவர் மேலே ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பிடித்து நுரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பாய்க்குக் கண் தெரியவில்லை, அந்தப் பையன் போனைப் பார்ப்பான்.

ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று வேண்டும். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும் என்கிறார்கள், 1035-க்கு என்று கேள். அந்தப் பக்கம் போகிற வேலை இல்லை என்றால் விடு, சேலத்தில் வாங்கிக்கொள்கிறேன். பெங்களூர் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. மீட்டர் இல்லாவிட்டாலும் வா, மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், எப்போது போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், மாமாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாள், பரவாயில்லை. அவரை காய்க்கிறது, வந்தால் எடுத்துப் போகலாம்.

பைக்கில் வராதே. பனி. பஸ்ஸில் வா.

அப்பா