கிளெக் பெரியம்மாவை மறந்த கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜ் எலியட் என்ற ஆண் புனைபெயரில் எழுதிய ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1860இல் வெளியிட்ட 'தி மில் ஆன் தி ஃபிளாஸ்' நாவலைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். அண்ணன் டாமைக் கடமையின் உருவமாகவும் தங்கை மேகியைப் பாசத்தின் உருவமாகவும் நிறுத்தி, குடும்பக் கடமை என்பதே கல்நெஞ்சம்தான் என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் வந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்விருவரின் தந்தையான ஆலைக்காரர் டல்லிவர் தம் தங்கையின் கணவருக்கு 300 பவுண்ட் கடன் கொடுத்திருக்கிறார். தமக்கே பணமுடை வந்தபோது நேரில் போய்க் கறாராகக் கேட்டும் விடுகிறார். ஆனால், தங்கையிடம் தாம் கடுமை காட்டினால் பின்னொரு நாள் டாமும் மேகியிடம் அப்படியே நடந்துகொள்வானோ என்ற அச்சம் அவரை உறுத்த, அந்தக் கடனை வற்புறுத்தாமல் விட்டுவிடுகிறார். பிறகு வழக்கில் தோற்று அவர் நினைவின்றிக் கிடக்கையில், வீட்டுச் சாமான்களே விலைபோகும் நிலையிலும், அத்தை வீட்டுக் கடன் சீட்டை அழித்துவிட வேண்டும், அப்பாவின் விருப்பம் அதுதான் என்று உறவினர்கள் முன்னிலையில் சொல்பவன் 16 வயது டாம். அவனுடைய கடமையுணர்வில் ஈரமே இல்லை என்று எப்படிச் சொல்வது? அதே டாம், உறவுக்காரப் பெண்ணின் காதலனான ஸ்டீபனுடன் படகில் போய், அவனை மணக்காமல் திரும்பி வந்த மேகிக்கு வீட்டில் இடமில்லை என்கிறான். தந்தை அஞ்சியதே நடக்கிறது.

கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறாதவர் மேகியின் பெரியம்மா, திருமதி கிளெக். நல்ல லேஸையெல்லாம் அலமாரியில் வைத்துவிட்டுப் பழையதையே அணியும், தங்கை குடும்பம் நொடித்தபோதும் உபதேசத்தை மட்டும் தாராளமாக வழங்கிய மனுஷி அவர். ஊரே மேகியைத் தூற்றும் வேளையில், தக்க சான்று கிடைக்கும்முன் சொந்தத் தங்கையைப் பற்றிய அவதூறை நம்பியதற்காக டாமைக் கண்டித்து, அவளுக்குத் தம் வீட்டில் இடம் தருவதாகச் சொல்கிறவரும் அவரே. கனிவு பொங்கி அவர் இதைச் செய்யவில்லை. அவள் வந்திருந்தால் நாள்தோறும் வசைதான் கேட்டிருப்பாள். தன் இரத்தத்தை ஊர் வாய்க்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற அவர் பிறந்த டாட்சன் குடும்பத்தின் பழைய விதி, அந்தக் கஞ்சத்தனமான விதியேதான், இங்கே கதவைத் திறக்கிறது. மகளோடு தானும் வீட்டை விட்டு வெளியேறும் தாயையும் சேர்த்துப் பார்த்தால், கடமையும் பாசமும் எதிரெதிர் அணி என்ற கட்டுரையாளரின் பகுப்பு நிற்பதில்லை.

மனைவியிடமிருந்து மணவிலக்குப் பெற இயலாத எழுத்தாளர் ஜார்ஜ் லூயிஸுடன் தாம் வாழ்வதை எலியட் 1857இல் தெரிவித்ததும் உறவை முறித்துக்கொண்ட அவருடைய அண்ணன் ஐசக், எலியட் வேறொருவரை முறைப்படி மணந்த 1880இல்தான் மீண்டும் கடிதம் எழுதினார். அப்படிப்பட்ட அண்ணன் இருந்தும், டாமுக்கு அந்தக் கடன் சீட்டுக் காட்சியை எழுதிக் கொடுத்த நியாய உணர்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அண்ணனும் தங்கையும் வெள்ளத்தில் தழுவியபடி மூழ்கும் முடிவைக் குடும்பப் பாசத்தின் சிகரம் என்கிறார் கட்டுரையாளர். வாழ்ந்து தீர்க்க வேண்டிய பிணக்கை ஆற்றிடம் ஒப்படைத்துவிட்ட முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் துயர முடிவுக்குப் போதிய முன்னேற்பாடு நாவலில் இல்லை என்பதை எலியட்டே பின்னர் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மயிலாடுதுறை